சிகாகோ டு திருச்சி, நேர்கோட்டில்

மறுபடியும் ஒண்ணு போவுது. சத்தம் கேட்ட உடனே பந்தல்ல உக்காந்திருக்கிற அத்தனை தலையும் மேல பாக்குது. ஷாமியானா துணிக்கு மேல என்ன எழவு தெரியும்? ஆனா பாக்குதுங்க. எங்க வீடு திருச்சி ஏர்போர்ட்டுக்குப் பின்பக்கம், இறங்குற ப்ளேன் எல்லாம் எங்க மொட்டை மாடிக்கு மேலதான் இறங்கும், இந்தத் தெருவுல யாரும் அதை அண்ணாந்து பாக்கிறதை விட்டு எத்தனையோ வருஷமாச்சு. வந்திருக்கிற சொந்தக்காரக் கூட்டம் மட்டும் காலைலேருந்து ஒவ்வொண்ணுக்கும் கழுத்தைத் தூக்குது. கொழும்புலேருந்து வர்றது, சிங்கப்பூர்லேருந்து வர்றது, இவங்களுக்கு எல்லாத்துலயும் என் தம்பி சுதாகர் இருக்கான். "சின்னவன் வந்துட்டான்டி தையலு"ன்னு லால்குடியிலேருந்து வந்த ஒரு கெழவி ஐஸ் பெட்டிகிட்ட குனிஞ்சு சொல்லிட்டுப் போவுது. உள்ள படுத்திருக்கிறது எங்க அம்மா தையல்நாயகி. நேத்து விடியக்காலம் போச்சு உசுரு. இருந்தப்ப ஒரு நாள் வந்து எட்டிப் பாக்காத கெழவி, இப்ப கண்ணாடிக்கு வெளியில நின்னு ப்ளேன் டைம் சொல்லுது. நான் பெட்டிக்குப் பக்கத்துல பிளாஸ்டிக் நாற்காலியில உக்காந்திருக்கேன். வர்றவன் எல்லாம் என் கையைப் புடிச்சு அமுக்கிட்டு, "தம்பி எங்க வந்துட்டிருக்கு?"ன்னு கேக்கிறான். என்னைப் பாத்துக் கேக்க வேற கேள்வியே இல்ல. நான் என்ன, விசாரணை கவுண்டரா? எங்க ஆளுங்க வழக்கம் ஒண்ணு இருக்கு, அப்பா செத்தா மூத்த பையன் கொள்ளி வெக்கணும், அம்மா செத்தா கடைசிப் பையன் வெக்கணும். நாங்க ரெண்டே பேரு. நான் மூத்தவன் தனபால், அப்பாவுக்கு வெச்சுட்டேன். "உன் பங்கு அன்னிக்கே முடிஞ்சிடுச்சுப்பா"ன்னு பக்கிரிசாமி மாமா நேத்து எல்லார் முன்னாடியும் சொன்னாரு, பந்தியில ரெண்டாவது தடவை பாயசம் கேட்டவன்கிட்ட சொல்ற மாதிரி. பன்னெண்டு வருஷம் அம்மாவை வெச்சுப் பாத்துக்கிட்டவன் நான். நான் வெக்கணும். இன்னிக்கு எனக்கு இந்த உலகத்துல வேற ஒண்ணும் வேணாம். இதை யார்கிட்டயும் சொல்லல, சொன்னா சிரிப்பாங்க, இல்ல அதைவிட மோசமா முதுகுல தட்டிக் குடுப்பாங்க.

மாமா அந்தப் பக்கம் இன்னும் போனைத் தூக்கிப் புடிச்சுக் காட்டிட்டுத்தான் இருக்காரு. அம்மாவோட தம்பி அவரு, டெலிபோன்ஸ்ல ரிட்டயர் ஆனவரு, அதனால போன் சம்பந்தப்பட்ட எதுவும் தனக்குத் தெரியும்னு ஒரு நெனைப்பு. நேத்து சாயங்காலம் சுதாகர் "கிளம்பிட்டேன் மாமா"ன்னு சொன்னதுதான் தாமதம், எதோ ஒரு வெப்சைட்டைத் தொறந்தாரு, சிகாகோ ஏர்போர்ட்டையும் திருச்சி ஏர்போர்ட்டையும் போட்டாரு, அது படம் வரைஞ்சு காட்டிடுச்சு. பதினாலாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. பறக்கிற நேரம் பதினேழு மணி. ஒரு நீலக் கோடு, சிகாகோல கிளம்பி, மேல ஏறி, வட துருவத்துகிட்ட போயி, அப்படியே வளைஞ்சு வந்து திருச்சியில குத்தி நிக்குது. அதை ஒவ்வொருத்தர் மூக்குக்கு முன்னாடியும் நீட்டினாரு. வட துருவம் வழியா வர்றான்பா நம்ம சுதாகருன்னு ஒருத்தர் பெருமைப்பட்டுக்கிட்டாரு, என்னமோ இவரு ரோடு போட்டுக் குடுத்த மாதிரி. இன்னொருத்தர், அங்க ராத்திரின்னா இங்க பகலு, அதனால வர்றப்ப ஒரு அரைநாளு மிச்சமாவும்னு கணக்குச் சொன்னாரு. அதுக்கும் தலையாட்டினாங்க. கிளம்பிட்டேன்னு அவன் சொன்னது வீட்டை விட்டா, ப்ளேன்லயான்னு ஒருத்தனும் கேக்கல. உடனே மாமா பிரஸ்ஸுக்குப் போன் போட்டு, கண்ணீர் அஞ்சலி போஸ்டர்ல 'நாளை மாலை நான்கு மணிக்கு நல்லடக்கம்'னு அடிக்கச் சொல்லிட்டாரு. எரிக்கப் போற பொணத்துக்கு நல்லடக்கம். விடியறதுக்குள்ள டோல்கேட்லேருந்து எங்க தெரு டிரான்ஸ்பார்மர் வரைக்கும் ஒட்டியாச்சு. அம்மா போட்டோவுக்குக் கீழ, 'வருந்தும்'னு போட்டு முதல் பேரு டி. சுதாகர், அமெரிக்கா. ரெண்டாவதுதான் நான். எனக்கு ஊரு போடல, நான் எங்கயும் போகலையே, என்னத்தப் போடுறது.

அமெரிக்கா. அவன் என்ன பெரிய சந்திரமண்டலத்துக்கா போயிட்டான், அங்க ஒரு ஆபீஸ்ல உக்காந்து கம்ப்யூட்டரைத் தட்டிட்டிருக்கான், நான் இங்க உக்காந்து மிக்ஸியைத் தட்டிட்டிருக்கேன். எனக்கு எலக்ட்ரிக் கடை. ஃபேன் காயில் கட்டுறது, வயரிங், மோட்டார். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வீடியோ கால் வரும். அதுக்கு முன்னாடி எங்க வீட்ல நடக்கிற கூத்து இருக்கே. கோமதி, என் பொண்டாட்டி, அம்மாவுக்கு நைட்டியைக் கழட்டிட்டுப் புடவை சுத்தணும். ஒரு பக்கம் கை கால் வராது அம்மாவுக்கு, பக்கவாதம். நான் பின்னால நின்னு தாங்கிப் புடிச்சுக்கணும், கோமதி சுத்தணும். மஞ்சத்தூள் போட்டுக் கழுவி, பொட்டு வெச்சு, தலைகாணியை முட்டுக் குடுத்து உக்கார வெச்சா, அவன் வந்து "அம்மா சூப்பரா இருக்கியே, அண்ணன் நல்லாப் பாத்துக்கிறாரு போல"ம்பான். போலவாம். அவன் பொண்டாட்டி பின்னால ஒரு நிமிஷம் வந்து கை ஆட்டிட்டுப் போவா. அம்மாவுக்குப் பேச்சு கொழகொழன்னு ஆயிடுச்சு, கோமதிக்கும் எனக்கும்தான் புரியும். நான்தான் எடுத்துச் சொல்லணும், சாப்பிட்டியான்னு கேக்குது, கொழந்தைக்குச் சளி விட்டுச்சான்னு கேக்குது. அம்மா அவனைக் கேக்கிறதை என் வாயால அவன்கிட்ட நான் கேட்டேன், வாராவாரம். என்னை ஒரு நாளாவது சாப்பிட்டியான்னு கேட்டுச்சா? கேட்டிருக்காது. எதுக்குக் கேக்கணும், நான் சாப்பிடுறதைத்தான் கட்டில்லேருந்து பாத்துட்டே இருக்குமே. ராத்திரி சோறு ஊட்டும்போது ஒரு பழக்கம் அம்மாவுக்கு, நாலு வாய் வாங்கிட்டு அஞ்சாவது வாய்க்கு உதட்டை இறுக்கி மூடிக்கும், நான் ஸ்பூனை வெச்சுட்டு எந்திரிக்கப் போனா கையைப் புடிக்கும். பசி இல்ல, ஆனா நான் எந்திரிக்கக் கூடாது. அப்புறம் நான் உக்காந்து கடையில நடந்ததைச் சொல்லணும். எவன் எந்த மோட்டாரை எப்படி எரிச்சுக் கொண்டாந்தான்னு. அதுல என்ன இருக்குன்னு அப்படிக் கேக்கும்? எனக்குச் சலிப்பா வரும். பாதி நாள் போனைப் பாத்துட்டேதான் சொல்லியிருக்கேன்.

பெட்டி மோட்டார் சத்தம் மாறுது. இல்ல, மாறல. மாறுன மாதிரி இருந்துச்சு. நேத்துலேருந்து என் காது இதுலதான் இருக்கு. வாடகைக்குக் கொண்டாந்தவன் நைஞ்சு போன ஒரு வயரை ஹால் பாயின்ட்ல சொருகிட்டுப் போயிட்டான், அதே லைன்ல இவனுங்க பெடஸ்டல் ஃபேனு, டீ கெட்டில், போன் சார்ஜரு எல்லாத்தையும் மாட்டுறானுங்க. அம்மாவோட ஐஸ் பெட்டிக்குப் பக்கத்துல போனைச் சார்ஜ் போட்டுட்டு, "எத்தனை பர்சன்ட் ஆச்சு பாருப்பா"ன்னு என்னையே கேட்டான் ஒருத்தன். நான் மெயின்லேருந்து தனி லைன் இழுத்து, ஸ்டெபிலைசர் போட்டு, பக்கத்து வீட்டு ஜெனரேட்டரையும் சொல்லி வெச்சிருக்கேன். கரன்ட் போனா, ஒரு மணி நேரத்துல முகம் மாறிடும். கண்ணாடிக்கு உள்பக்கம் பனி புடிக்குது, வெளியில இருந்து துடைச்சா போகாதுன்னு தெரியும், இருந்தும் துண்டால துடைக்கிறேன். உள்ள முகம் சின்னதாப் போயிட்ட மாதிரி இருக்கு. மூக்குல பஞ்சு. தாடையைச் சுத்திக் கட்டியிருக்கிற துணியை நேத்து நான்தான் கட்டினேன், கொஞ்சம் இறுக்கமா கட்டிட்டேனோ. அவன் இப்ப எங்க இருப்பான், அந்த நீலக் கோட்டுல எங்க? கீழ பனி, வெறும் பனின்னு மாமா சொன்னாரு. அம்மா ஐஸுக்குள்ள, அவன் ஐஸுக்கு மேல. இப்படி எல்லாம் தோணுது பாரு, கருமம். அவன் அங்க குளிருக்குப் போர்வை போத்திக்கிட்டு படம் பாத்துட்டிருப்பான். சாப்பாடு தட்டுல வரும், வெஜ்ஜா நான்வெஜ்ஜான்னு சிரிச்சுட்டுக் கேப்பாங்க. இங்க நேத்துலேருந்து வீட்ல அடுப்பு பத்த வெக்கல. இல்ல, அவன் அப்படி இருக்க மாட்டான். இருப்பான். எனக்கு எப்படித் தெரியும், நான் என்னிக்கு ப்ளேன்ல போனேன்? எங்க அம்மாதான் ஒரு தடவை போயிட்டு வந்துச்சு, அவன் கல்யாணமான புதுசுல, வந்ததும் அங்க ஒரே அமைதியா இருக்குடா, நாய் கூடக் கொரைக்க மாட்டேங்குதுன்னு சொல்லிச்சு. திரும்பப் போகலையான்னு கேட்டதுக்கு, உனக்கு யாருடா சோறு ஆக்குவான்னுச்சு. எனக்கு அப்ப கல்யாணமாகி ரெண்டு பிள்ளை. அதைக் கேட்டு கோமதி மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டா ஒரு வாரம்.

மூணு மணி இருக்கும், மாமா போன் அடிச்சுச்சு. எதையும் காதுல வெச்சுப் பேசுற வழக்கம் அவருக்குக் கிடையாது, ஸ்பீக்கர்ல போட்டு ஊரையே கேக்க வெப்பாரு. சுதாகர்தான். பின்னால மைக்குல என்னமோ அறிவிப்பு. அபுதாபியில இறங்கியிருக்கானாம். இனிமே ராத்திரிதான் சென்னைக்கு ப்ளேனாம், அங்கேருந்து காலையில திருச்சிக்கு ஒண்ணாம், வீடு வந்து சேர நாளைக்கு மத்தியானம் ஆயிடுமாம். மாமா முதல்ல நம்பல. வெப்சைட்ல பதினேழு மணி நேரம்னு போட்டிருக்கானே மாப்ளேன்னாரு. நேராப் பறந்தா அவ்வளவு ஆகும் மாமா, ஆனா நேரா எந்த ப்ளேனும் கிடையாதே, மாறி மாறித்தானே வரணும்னு அவன் சொல்றான். மாமா போனைப் பாக்கிறாரு, வானத்தைப் பாக்கிறாரு, அந்த நீலக் கோடு தன்னை ஏமாத்திட்ட மாதிரி. தப்பு அவரு மேல இல்லன்னு முடிவு பண்ண அவருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகல. பய ஒழுங்கா டிக்கெட்டு போடத் தெரியாமப் போட்டிருக்கான்னு ஆரம்பிச்சாரு, மத்தவங்களும் சேந்துக்கிட்டாங்க. அப்புறம் எல்லாருக்கும் போஸ்டர் ஞாபகம் வந்துச்சு. நாலு மணின்னு ஊரெல்லாம் ஒட்டியிருக்கே. புதுக்கோட்டையிலேருந்து வேன் புடிச்சு வந்திருக்காங்களே. கடைசி பஸ்ஸு போயிடுமே. இன்னொரு ராத்திரி பொணத்தை வெக்கிறது நல்லதில்லையே. அம்மாவுக்காக வந்தவங்க அம்மாவை 'அதை'ன்னு சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க, அதை வெச்சுக்கிட்டு எத்தனை நேரம்தான், அதை எடுத்துட்டா ஜோலி முடிஞ்சிடும். நாலு பெரிய மனுஷங்க பந்தக்கால் ஓரமாப் போயி நின்னு, வாயில வெத்தலையை அடக்கிக்கிட்டுப் பேசினாங்க. நாட்டாமைத்தனம் பண்ண ஒரு சாவு வேணும் இவங்களுக்கு, உசுரோட இருக்கிறவன் எவனும் இவங்க பேச்சைக் கேக்கிறதில்ல. மாமா திரும்பி வந்தாரு. "சரி, தனபாலே வெச்சிடட்டும். ஆள் இல்லாத கொறைக்கு வேற என்ன பண்றது."

ஆள் இல்லாத கொறைக்கு. கோமதி கூட்டத்துக்குள்ளேருந்து என்னைப் பாக்கிறா. அவளுக்குத் தெரியும், நான் சொல்லலன்னாலும் தெரியும். கிட்ட வந்து, "எப்படியோ குடுத்தாங்கள்ல, வாங்கிக்குங்க"ன்னு மெதுவாச் சொன்னா. சடங்கு செய்ய வந்திருக்கிற சங்கிலி அண்ணன் புது வேட்டியை எடுத்துட்டு வந்துட்டாரு, குழாயடியில போயி தலைக்கு ஊத்திட்டு வாங்க தம்பின்னாரு. அதுவரைக்கும் சாஞ்சு உக்காந்திருந்த கூட்டம் மொத்தமும் எந்திரிச்சுப் புடவையை உதறுது, செருப்பைத் தேடுது, ரெண்டு நாளா இல்லாத சுறுசுறுப்பு. தெருவுல வேன் ரிவர்ஸ் எடுக்கிறான். மாமா என் தோள்ல கையை வெச்சு, அப்படியே அந்தப் பெட்டியை ஆஃப் பண்ணிட்டுப் போப்பா, நீதான் எலக்ட்ரீசியன்னாரு. நானும் போனேன். நான் இழுத்த லைன், நான் போட்ட பிளக்கு. குனிஞ்சு ஸ்விட்சுல விரலை வெச்சேன். மோட்டார் ஓடுறது விரல்ல தெரியுது. இதை அமுக்கினா நிக்கும். நின்னா மூடியைத் தூக்குவாங்க. தூக்கினா குளிப்பாட்டுவாங்க, வாய்க்கரிசி போடுவாங்க, வேன்ல ஏத்துவாங்க, ஓயாமரிச் சுடுகாட்டுக்கு அரைமணி நேரம்கூட ஆகாது, நான் வெப்பேன், பொழுது சாயறதுக்குள்ள அம்மா இருக்காது. நேத்துலேருந்து நான் கேட்டுட்டிருந்தது இதைத்தானா? இதுக்கா அவன் மேல அத்தனை எரிச்சல்பட்டேன்? அவன் கிட்ட வர வர எனக்கு ஒரு பயம் இருந்துச்சே, அவன் வந்து பங்கு கேப்பான்னா பயந்தேன்? அவன் வந்தா எடுத்துடுவாங்க. அதான். அவன் ப்ளேன்ல இருக்கிற வரைக்கும் அம்மா ஹால்ல இருக்கு. அவ்வளவுதான் விஷயம், இவ்வளவு நேரம் அது புரியாம இந்தக் கேணயனுங்களோட சேந்து நானும் மணி பாத்துட்டிருந்திருக்கேன். விரலை எடுத்துட்டேன்.

சட்டைப் பையில போன் அடிச்சுச்சு. சுதாகர். இந்தத் தடவை எனக்கு. காதுல வெச்சா மூக்கை உறிஞ்சுறது கேக்குது, பின்னால யாரோ யாரையோ அரபியில கூப்பிடுறாங்க. மாமா திருப்பிக் கூப்பிட்டு முடிவைச் சொல்லிட்டாராம். "அண்ணே, நீயே வெச்சிடுண்ணே. நீதான் பாத்துக்கிட்ட. நியாயமா நீதான் வெக்கணும். எனக்காக அம்மாவைப் போட்டு வெக்க வேணாம்." அவன் இப்படிச் சொல்லுவான்னு நான் நெனைக்கவே இல்ல. அவனைத் திட்டுறதுக்குன்னு எவ்வளவு சேத்து வெச்சிருந்தேன், ஞாயித்துக்கிழமைப் புடவை, போஸ்டர்ல பேரு, எல்லாம். எங்கடா இருக்கேன்னுதான் கேட்டேன், கேட் பக்கத்துல தரையில உக்காந்திருக்கேண்ணேங்கிறான். சாப்பிட்டியான்னு கேட்டேன். இல்லண்ணேன்னான். போயி எதையாவது சாப்பிடுன்னு சொன்னேன். அப்புறம் சொன்னேன். "நீ வா. நீ வந்து வெய்யி. மெதுவா வாடா, இங்க ஒண்ணும் அவசரம் இல்ல." அவன் என்னமோ சொல்ல வந்தான், நான் வெச்சுட்டேன். நிமிந்தா மாமா, சங்கிலி அண்ணன், கோமதி, செருப்பைக் கையில எடுத்துக்கிட்ட கூட்டம், எல்லாம் என்னையே பாக்குது. குளிக்கப் போகலையான்னு ஒருத்தர் கேக்கிறாரு. நான் நாற்காலியைப் பெட்டிக்குப் பக்கத்துல இன்னும் கிட்ட இழுத்துப் போட்டுக்கிட்டு உக்காந்தேன். போறவங்க போகலாம்னு சொன்னேன். மாமாவுக்கு மூஞ்சி செவந்துடுச்சு, போனைத் தூக்கிட்டு முன்னால வந்தாரு, அபுதாபிக்கும் திருச்சிக்கும் எவ்வளவுன்னு இப்ப பாத்துச் சொல்றேன்னாரு.

"பாக்காதீங்க மாமா," நான் சொன்னேன். "இன்னும் ரொம்ப தூரம் இருக்கு."